தூக்கத்தில் கை எங்கே இருக்கிறது

வீட்டில் கேட்டுவிட்டு வாங்க என்று டாக்டரம்மா சொன்னதும் சரிம்மா என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஏதோ நான் கண்ணை மூடியதும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வீட்டில் நாலு பேர் இருக்கிற மாதிரி. இப்போது ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, கதவைத் தாழிட்டு, பாயில் மல்லாந்து கிடக்கிறேன். வெளியே பாளையங்கோட்டை வெயில், முற்பகல். மீன்காரனின் ஹாரன் தெருமுனை திரும்பிப் போகிறது, கீழ்வீட்டு மிக்சி ஒருமுறை அலறி நிற்கிறது. போர்வையில் ஒரு பொத்தல். அதன் வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு, தூரத்தில் வருகிற ஒற்றை லைட்டு வண்டி மாதிரி, வராமலே நிற்கிறது. சாயங்காலம் டியூட்டி. கோயம்புத்தூர் வரை ராத்திரி முழுக்கக் கண் விழித்திருக்க வேண்டுமென்றால் இப்போது தூங்கியாக வேண்டும். ராத்திரி பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுக்குத் தூக்கமும் ஒரு டியூட்டிதான், கையெழுத்துப் போடாத டியூட்டி. ஆனால் தூங்கினால் கை என்னமோ செய்கிறது. என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சின்ன வயசு, சிரித்திருக்கும். என் வலது கையைத் தன் கைக்குள் வாங்கி, உள்ளங்கையைப் பிடித்து மெல்லப் பின்னால் தள்ளி, "இப்படி மடக்கினா வலிக்குதா?" என்றது. எனக்கு வாயிலிருந்து சத்தமே வரவில்லை, கண்ணில்தான் வந்தது. "முழிச்சதும்தான் ஜாஸ்தியா? வண்டி ஓட்டி முடிச்ச பிறகு இல்லையா?" "ஓட்டும்போதும் இருக்கும்மா. ஆனா தூங்கி எந்திரிக்கும்போதுதான் உயிர் போகுது." "அப்ப தூக்கத்துல கையை என்னமோ பண்றீங்க. மடக்கி வச்சுக்கறீங்களா, தலைக்கு அடியில குடுத்துக்கறீங்களான்னு வீட்ல கேட்டுட்டு வாங்க. வியாழக்கிழமை சொல்லுங்க." அப்புறம் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இதே மாதிரி இருந்துச்சுன்னா ஸ்டீயரிங் பிடிக்க வேண்டாம்னு நான் எழுதித் தர வேண்டி வரும். தப்பா நினைக்காதீங்க" என்றது. தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. வீட்டில் கேட்டுவிட்டு வாங்க. அந்த வார்த்தைதான் வந்து நடுவில் சிக்கிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது.

வலிக்கிற இடத்தை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். உள்ளங்கைப் பக்கம் இல்லை, புறங்கைப் பக்கம், வாட்ச் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் விரல் பக்கமாக, உள்ளே ஒரு புளியங்கொட்டை சிக்கிக்கிடக்கிற மாதிரி. அழுத்தினால் வலிக்கிறது, அழுத்தாவிட்டால் எங்கே போயிற்று என்று தேடத் தோன்றுகிறது. எதனால் என்று கேட்டால் டிப்போவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் மெக்கானிக் மாடசாமி, "வாயு அண்ணே, உருளைக்கிழங்கை நிறுத்துங்க" என்றான். கண்ட்ரோலர் என் கையைப் பார்க்காமலே, "வயசாயிட்டுல்லா" என்றார், அவருக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. ஒருத்தன் அந்தக் கையால் யாரை அடித்தேன் என்று கேட்டான். அடிக்க ஆள் வேண்டுமே. டாக்டரம்மாவும் ஒரு வரிசை சொன்னது: பழைய அடியாக இருக்கலாம், நரம்புக்குப் பக்கத்தில் சின்ன நீர்க்கட்டியாக இருக்கலாம், விரலை இழுக்கிற தசைநார் உரசி உரசி வீங்கியிருக்கலாம், உப்புச்சத்து கூடி மூட்டில் படிந்திருக்கலாம். கடைசியில் ஒன்று சொன்னது, அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. மணிக்கட்டுக்குள் சின்னச்சின்ன எலும்புகளில் ஒன்று பிறைநிலா மாதிரி வளைந்திருக்குமாம். அதற்கு வருகிற ரத்தம் ரொம்பக் கொஞ்சம். அது நின்றுபோனால் அந்த எலும்பு உள்ளேயே செத்துப் பொடிந்துபோகுமாம், வெளியே யாருக்கும் தெரியாதாம். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, மிச்சம் எல்லாம் ஜங்ஷன் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகங்களில் படித்ததுதான். யாரோ ஒரு பெண் பிள்ளை ஓரத்தில் பூ வரைந்து வைத்த பிளஸ் டூ உயிரியல் புத்தகம் ஒன்று தலைமாட்டிலேயே கிடக்கிறது. அதில் கை எலும்புப் படத்தைப் பார்த்தேன். நிலாவைக் கண்டுபிடித்தேன். கையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இந்தத் தோலுக்கு அடியில் ஒரு பிறை இருக்கிறது, அதற்கு வெளிச்சம் போகிறதா இல்லையா என்று யோசித்தபடி நேற்றுப் பகல் பூராவும் போயிற்று. நேற்றும் தூங்கவில்லை. செத்த எலும்பாக இருந்தால் லைட் டியூட்டி, ஓட்ட முடியாதவர்களுக்குக் கொடுக்கிற சின்ன வேலை. டிப்போ வாசலில் ஸ்டூல். கண் மங்கிப்போய் அங்கே உட்கார்ந்திருக்கிற சங்கரபாண்டியனைத் தினமும் பார்க்கிறேன், வண்டி வந்தால் வாசலை மறிக்கிற கயிற்றை இறக்குவார், போனால் தூக்குவார். ஒரு காலத்தில் ஆரியங்காவு மலையை மழையில் ஏறி இறங்கின மனுசன். இப்போது வண்டிக்குள் இருக்கிற எவனும் அவரைப் பார்ப்பதில்லை, கயிற்றைத்தான் பார்க்கிறோம். நானும் கயிற்றைத்தான் பார்க்கிறேன்.

பார்ப்பது என்றதும் எதிர்வண்டி ஞாபகம் வருகிறது. சுவரில் அந்த வெளிச்சம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. எங்கள் தடத்தில் ஒரு வழக்கம் உண்டு, பழைய ஆட்களுக்குத் தெரியும். எதிரே நம்ம வண்டி வருகிறது என்று தெரிந்ததும் லைட்டை டிம் செய்ய வேண்டும், தலைக்கு மேலே டிரைவர் விளக்கைப் போட வேண்டும், ஸ்டீயரிங்கில் உள்ளங்கை அடியை ஊன்றியபடி விரல்களை மட்டும் விரித்து வலது கையை நிமிர்த்த வேண்டும். அவ்வளவுதான், அதில் எல்லாம் அடக்கம், ரோடு நல்லா இருக்கா, தூக்கம் வருதா, போய்ட்டு வாரேன். ஆனால் தூக்கின கையை எதிராளி தூக்கும் முன்னால் இறக்கக் கூடாது. பதில் வாங்காமல் இறக்கினால் அந்த ராத்திரி விளங்காது என்பார்கள். எனக்கு ஓட்டக் கற்றுத் தந்தவர் அதைச் சொன்னபோது சிரித்தேன், ஆனால் இறக்கியதில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி எத்தனையோ வருசம் ஒரு கை எனக்கு எதிரே வந்தது. வெள்ளை உறை போட்ட கை. முகம் பார்த்ததில்லை, பெயர் தெரியாது, எந்த டிப்போ என்றுகூடத் தெரியாது, உறை மட்டும் விளக்கில் பளிச்சென்று எழும்பும், உள்ளே மனசு ஒரு படி இறங்கி உட்காரும். ஒரு தைக்கு அப்புறம் அந்த வண்டி வந்தது, கை வரவில்லை. கேட்டுப் பார்த்தேன். எந்தக் கை என்று கேட்டான் ஒருத்தன், நான் என்ன சொல்ல. இப்போது வருகிற வண்டிகளில் கண்ணாடியே கறுப்பாக இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை, பையன்கள் லைட்டை டிம் செய்வதே பெரிய காரியம். நான் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி கடந்து, பின்னால் வந்த லாரி கடந்து, வெறும் இருட்டு வந்த பிறகும் கை நிற்கும். முன்னால் எல்லாம் இடது பக்கம் சீட்டிலிருந்து கண்டக்டர் ஞானசிகாமணி அண்ணாச்சியின் குரல் வரும்: "போதும்வே, இறக்கும். கோயில்ல கர்த்தருக்குக்கூட நான் இம்புட்டு நேரம் கையைத் தூக்கி நின்னதில்ல." பங்குனிக் கடைசியில் அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். மாலை போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள், பஸ்ஸிலேயே வீடுவரை கொண்டுபோய் விட்டோம். இறங்கும்போது டிக்கெட் பை இல்லாத தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஒரு போன் கூடப் பண்ணவில்லை. என்ன பேசுவது. அத்தனை வருசம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆளிடம் எப்படி இருக்கீங்க என்று கேட்பது என்னமோ போலிருந்தது, அதைக் கேட்டதே இல்லையே.

கேட்டுவிட்டு வாங்க. யாரிடம். நான் தூங்குவதைப் பார்த்தவர்கள் யார் யார் என்று யோசித்தால் ஒரு கை விரல்கள் போதும், அதிலும் விரல் மிஞ்சும். வீட்டுக்காரி சண்முகக்கனி இருந்தாள். ஏரலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் இப்போது, சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, தீபாவளிக்குப் பேசிக்கொள்வோம். "நீங்க முழிச்சிருக்கும்போது நான் தூங்குதேன், நான் முழிச்சிருக்கும்போது நீங்க தூங்குதிய, இதுக்கு எதுக்கு ஒரே வீடு" என்று ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டாள், சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்கிற குரலில். அவளுக்குத் தெரியுமா என் கை எங்கே இருக்கும் என்று. தெரியாது. நான் காலையில் வந்து படுத்ததும் கதவை வெளியே சாத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள், குக்கர் சத்தத்தில் நான் முழித்துவிடக் கூடாதென்று அங்கேயே சமைப்பாள், அங்கேயே பூக்கட்டுவாள், அங்கேயே சிரிப்பாள், சுவர் வழியாகக் கேட்கும். என் தூக்கத்துக்காக என் தூக்கத்தைப் பார்க்காமல் இருந்தாள். இதை ஏன் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். புதுக் கண்டக்டர் பிரவீனிடம் முந்தாநாள் கேட்டேன், வெட்கத்தை விட்டுவிட்டு, "தம்பி, நான் தூங்கி நீ பாத்திருக்கியா?" அவன் காதில் செருகியிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி, "டிரைவர் தூங்கி கண்டக்டர் பாத்தா வண்டி எங்கண்ணே போகும்?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. நல்ல பையன், ஆனால் கோயம்புத்தூரில் இறங்கியதும் சிநேகிதன் அறைக்குப் போய்விடுவான், ஓய்வறைக்கு வர மாட்டான். அங்கே வருகிற மற்ற ஆட்கள் விழுந்த இடத்தில் பிணம் மாதிரி கிடப்பார்கள், நானும் அவர்களைப் பார்த்ததில்லை. சரி, போன் இருக்கிறதே என்று நேற்று அதைத் தண்ணீர்க் குடத்தில் சாத்திவைத்து வீடியோவைப் போட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் இடம் இல்லை என்று பாதியில் நின்றிருந்தது. நின்றதுவரை ஒரு ஆள் கண்ணைத் திறந்துகொண்டு மேலே பார்த்தபடி கிடக்கிறான். ரெண்டு கையும் வயிற்றின் மேல், கும்பிட்டு வைத்த மாதிரி. யாரையோ எதிர்பார்க்கிற முகம். இல்லை, யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்த முகம், ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அழித்துவிட்டேன். அந்த ஆளோடுதான் ஒரே அறையில் இத்தனை வருசம் இருந்திருக்கிறேன். மூச்சு அடைத்தால், மாரடைத்தால், இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கிறது எதுவும் யாருக்கும் தெரியப் போவதில்லை. வண்டி வரவில்லை என்றுதான் முதலில் தேடுவார்கள், ஆளையல்ல. அந்த நினைப்பு வந்ததும் எழுந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்து படுத்தேன். பிறகு கதவு காற்றில் ஆடியது, மறுபடி எழுந்து போட்டேன். அண்ணாச்சிக்குச் சர்க்கரை. ஓய்வறையில் மணிக்கொரு தரம் எழுந்து பாத்ரூம் போவார், வந்து என் பக்கத்துப் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பைபிள் சங்கீதம் முணுமுணுப்பார். அவர் பார்த்திருப்பார். அவர் ஒருத்தர்தான் பார்த்திருப்பார்.

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். வலது கையில் எடுத்தால் வலிக்கிறது, இடது கையில் எடுத்தேன். ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்குப் போன் போட்டு நான் எப்படித் தூங்குவேன் என்று கேட்பதா. நல்லாவா இருக்கும். ஆனால் வியாழக்கிழமை வந்துவிடும், கேட்டீங்களா என்று அந்தப் பிள்ளை கேட்கும், நான் கயிற்றுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவேன். நம்பரை அடித்தேன். "யாரு?" "நான்தான் அண்ணாச்சி, கொம்பையா." "ஏ, கொம்பையாவா! உயிரோடதான் இருக்கீரா? நான் ரிட்டயர் ஆன அன்னைக்கே உம்ம நாக்கும் ரிட்டயர் ஆயிட்டோன்னு நெனச்சேன்." "சோலிதான் அண்ணாச்சி." "பெரிய சோலி. பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா ஸ்டீயரிங்கு. நடுவுல ஒரு போன் போட முடியல உமக்கு." அவர் குரலுக்குப் பின்னால் புறா முனகியது, எங்கோ லிப்ட் கதவு ஒன்று தானாகப் பேசியது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பால்கனில உக்காந்து எதிர்த்த பில்டிங்கைப் பாக்கேன். அதுவும் என்னையப் பாக்கும். மகளும் மருமவனும் வேலைக்குப் போயிட்டாவ. இங்க யாரும் எங்கயும் இறங்கவும் மாட்டான், ஏறவும் மாட்டான்." பஸ்ஸில் இடது பக்கம் சீட்டிலிருந்து வருமே, அதே குரல். எனக்கு அது போதும் போலிருந்தது, வைத்துவிடலாம் போலிருந்தது. "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது." "உம்ம மூஞ்சியப் பக்கத்துல வச்சுக்கிட்டே இத்தனை வருசம் சிரிக்காம வந்திருக்கேன். கேளும்." "நான் எப்படித் தூங்குவேன்?" புறாச் சத்தம். "என்னவே கேள்வி இது?" டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், மணிக்கட்டைச் சொன்னேன், பிறை எலும்பைச் சொன்னேன், வியாழக்கிழமையைச் சொன்னேன். "கையா? கையைத் தூக்குவீருல்லா" என்றார், ஊருக்கே தெரிந்த விசயத்தைச் சொல்கிற மாதிரி. "தூக்குவேனா?" "மல்லாக்கப் படுத்திருப்பீரு. திடீர்னு வலது முழங்கையைப் பாயில ஊணி, கை அப்படியே எந்திச்சு நிக்கும். விரலெல்லாம் விரிச்சு, மணிக்கட்டைப் பின்னால மடக்கி. முதல்ல நான் தண்ணி கேக்கீரோன்னு நெனச்சேன். பெறவுதான் புரிஞ்சுது, உமக்கு எதிர்ல வண்டி வருது."

சுவரில் அந்த வெளிச்சம் இருந்தது. அவர்தான் பேசிக்கொண்டு போனார். "முதநாள் பாத்துக்கிட்டே இருக்கேன், இறக்க மாட்டேங்கீரு. கை நடுங்குது, அப்பவும் இறக்க மாட்டேங்கீரு. தொட்டுப் பாத்தேன், இரும்பு மாதிரி நிக்கி. சரி, இந்த ஆளு பதில் வாங்காம இறக்க மாட்டாம்லான்னு நானும் என் கையைத் தூக்கினேன். கண்ணு மூடிக் கெடக்கவனுக்குத் தெரியுமா? அதனால மெதுவா, போலாம் ரைட்டுன்னு ஒரு குரல் குடுத்தேன். ஒடனே இறக்கிட்டீரு. அன்னையிலேருந்து அதுதான் வழக்கம்." "தினமுமா அண்ணாச்சி?" "தினமும்தான். சில நாள் ரெண்டு வண்டி, சில நாள் திருவிழாக் கூட்டம் மாதிரி வண்டி மேல வண்டி." "ஒரு நாள் கூடச் சொல்லலியே." "சொன்னா நீரு வெக்கப்பட்டு அந்தாண்ட போய்ப் படுப்பீரு. எனக்கும் தூக்கம் வராமக் கெடக்கதுக்கு ஒரு டூட்டி மாதிரி இருந்துச்சு, அதைக் கெடுப்பானேன்." பிறகு, "வலி எப்ப இருந்துவே?" என்றார். "சித்திரை போல இருந்து." "நான் ரிட்டயர் ஆன மறுமாசம்" என்றார். லிப்ட் கதவு மறுபடி என்னமோ சொல்லிவிட்டு மூடியது. சித்திரை, வைகாசி, ஆனி என்று பகல் பகலாக அந்த ஓய்வறையிலும் இந்த அறையிலும் ஒரு கை எழும்பி, போர்வை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, விரல்களை விரித்துக்கொண்டு, வராத பதிலுக்காக நின்று நின்று, எப்போது விழுந்ததோ, விழுந்ததோ இல்லையோ, எனக்கு எதுவும் தெரியாமல். "வச்சிரட்டுமா அண்ணாச்சி?" "வச்சு என்ன செய்யப் போறீரு?" "தூங்கணும். சாயங்காலம் டூட்டி." "அப்பத் தூங்கும். போனை அணைக்காண்டாம், தலைமாட்டுல வையும்." "இங்க நான் தூக்கினா உங்களுக்கு எப்படித் தெரியும்?" "தெரியாதுதான். நான் பாட்டுக்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா சொல்லிக்கிட்டே இருக்கேன். உமக்கு வேணுங்கும்போது எடுத்துக்கிடும்." போனை அந்தப் பூ வரைந்த புத்தகத்தின் மேல் வைத்தேன். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் போக வேண்டும். கையைத் துணியால் கட்டிவைத்துத் தூங்கு என்று சொல்லும், ஏதாவது அட்டை வைத்துக் கட்டித் தரும், கட்டிக்கொள்ளலாம், ஸ்டீயரிங் மிஞ்சினால் சரி. யார் சொன்னது என்று கேட்டால் என்ன சொல்வது. கண்டக்டர் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புரியாது. வீட்டில் கேட்டேன் என்று சொல்லிவிடலாம். வீட்டில் கேட்டேன்மா. கீழே மிக்சி நின்றுவிட்டது, புறா முனகுகிறது, அது ஓசூர்ப் புறா, இங்கே வந்து முனகுகிறது, கண் கனக்கிறது, சுவரில் அந்த ஒற்றை வெளிச்சம் இப்போது நகர்கிறது, கிட்டே வருகிறது, ரெண்டாகப் பிரிகிறது, டிம் செய்கிறேன், மேல்விளக்கைப் போடுகிறேன், முழங்கை பாயில் ஊன்றுகிறதா ஸ்டீயரிங்கிலா தெரியவில்லை, கை எழும்புகிறது, புளியங்கொட்டை உள்ளே புரள்கிறது, வலிக்கட்டும், எதிரே கண்ணாடி கறுப்பு, உள்ளே யாரும் இல்லை, யாரும் இல்லை, கை நிற்கிறது, அப்போது இடது பக்கம் சீட்டிலிருந்து, ரொம்பப் பக்கத்தில்,

"போலாம், ரைட்."